அம்மாவின் சூலமும் அறை வாடகையும்

அப்பாவுக்கு ஆபரேஷன் என்றதும் நான் பயந்தது அவர் உயிருக்கு. அது நல்லபடியாக முடிந்த பிறகு பயந்தது பில்லுக்கு. இரண்டாவது பயம்தான் என்னை அதிகம் படுத்தியது. உயிருக்குப் பயந்தபோது கூட நின்று அழவாவது நாலு பேர் இருந்தார்கள்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் திண்டிவனத்தில் குடியிருந்தோம். என் கணவருக்கு விழுப்புரம் ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் வேலை. காலையில் பாசஞ்சர் வண்டியில் போய்ச் சாயங்காலம் திரும்புவார். ரயில்வே ஆஸ்பத்திரியில் எனக்கும் பிள்ளைகளுக்கும் காசில்லாமல் வைத்தியம் உண்டு. என்னைப் பெற்றவர்களுக்குக் கிடையாது. கண்டாச்சிபுரத்துப் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டுப் பிழைக்கிற மனிதருக்கு எந்த ஆபீஸ் வைத்தியச் செலவு கொடுக்கும்?

பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அம்மாவும் அப்பாவும் கேப்பை மாவும் கையுமாக வந்திருந்தார்கள். வழக்கம்போல ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. பெண்ணைக் கொடுத்த வீட்டில் ராத்தங்குவதை அப்பா பெரிய அவமானமாக நினைப்பார். அன்று சாப்பிட்டு எழுந்தவர் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே சுருண்டுவிட்டார். குடலிறக்கமாம். பல வருஷமாக வேட்டியை இறுக்கிக் கட்டி மறைத்து வந்திருக்கிறார். பக்கத்துத் தெரு நர்சிங் ஹோமுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உடனே அறுக்கவேண்டும் என்றார்கள்.

ஆபரேஷனுக்கு ஒரு தொகை சொன்னார்கள். அப்பா மல்லாட்டை விற்று வைத்திருந்த பணமும் எங்கள் சேமிப்பும் போட்டுப் பார்த்ததில் கட்டிவிட்டுக் கொஞ்சம் மிஞ்சும் போலிருந்தது. எனக்குத் தெம்பு வந்துவிட்டது. அந்தத் தொகையில் எல்லாமே அடக்கம் என்று நினைத்த புத்திசாலி நான். ரூம் வாடகை தனி, நர்ஸ் தனி, பஞ்சும் கட்டுத் துணியும்கூடத் தனி என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா வந்து பார்த்தார். "புண்ணு நல்லா ஆறுது. நாளைக்கே வீட்டுக்குப் போகலாம். தையல் பிரிக்க வந்தா போதும்" என்றார். நான் பையைக் கட்ட ஆரம்பித்தேன். அம்மா என் கையைப் பிடித்தாள்.

"நாளைக்கு அஷ்டமிடி. செவ்வாக்கெழம நவமி. ரெண்டு நாள் கழிச்சுப் பாத்துக்கலாம்."

சரி என்று விட்டேன். புதன்கிழமை கேட்டால் கரிநாள் என்றாள். வியாழன் தெற்கே சூலம், ஊருக்குப் போகிற வழியில் விழுப்புரம் தெற்கே இருக்கிறது. வெள்ளி மேற்கே சூலம், ஊர் மேற்கே இருக்கிறது. சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது வீடு திரும்புவார்களா? ஞாயிறு மறுபடி மேற்கே சூலம். என் அம்மா நாள் பார்ப்பவள்தான், ஆனால் ஒரு வாரத்தையே இப்படிக் கூண்டோடு ஒழித்துக்கட்டி நான் பார்த்ததில்லை.

அந்தப் புதன்கிழமை மத்தியானமே பணம் கட்டும் இடத்தில் போய்க் கேட்டேன். அங்கிருந்தவர் கணக்குப் போட்டுச் சொன்ன தொகையை இரண்டு தரம் திருப்பிக் கேட்டேன். கையில் இருந்த பணம் மறுநாள் வரைக்கும்தான் தாங்கும். "அதுக்கு மேல இருந்தா அதுக்கும் சேரும்மா" என்றார் சாதுவாக.

மேலே வந்து விஷயத்தைச் சொன்னேன். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே, "வெதைக்கு வச்ச மல்லாட்டைய வித்துடலாம்மா. ஊருக்குச் சொல்லி அனுப்பு" என்றார்.

விதையை விற்றுவிட்டால் ஆடியில் எதைப் போடுவது? நிலம் சும்மா கிடந்தால் வருஷம் பூராவும் எதைச் சாப்பிடுவது? எனக்கு வந்த கோபத்தில் அம்மாவை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"உன் சூலத்துக்கும் கரிநாளுக்கும் வாடக யாரு குடுக்கறது? நாள் பாத்தே குடும்பத்த நடுத்தெருவுல நிறுத்தப் போற!"

அம்மா திருப்பிக் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள்.

"ஊருக்கு இட்டுக்கினு போனா அந்தாளு சும்மா படுப்பாராடி? மறுநாளே மம்முட்டியத் தூக்கிக்கினு கழனிக்குப் போவாரு. தையல் பிரிஞ்சா நான் எங்க ஓடுவேன்? அங்க டாக்டரு ஏது, பஸ்ஸு ஏது? உன் வூட்ல வந்து படுன்னா உசுரு போனாலும் வரமாட்டாரு. இங்கன்னா அந்தம்மா தெனம் வந்து பாக்கறாங்க. எனக்கு வேற வழி தெரியல."

அஷ்டமியும் இல்லை, நவமியும் இல்லை. அவள் பயம்தான் நாள் குறித்துக்கொண்டிருந்தது. இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் அப்பா காதில் விழும்படி அதை எப்படிச் சொல்வாள்? எனக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை. அவளோடு சேர்ந்து நானும் அழுதேன்.

சாயங்காலம் டூட்டி முடிந்து வந்த கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டீயைக் குடித்து முடித்தார். பிறகு நேராக அப்பா கட்டிலுக்குப் போனார்.

"மாமா, நாளு சரியில்லன்னா பரஸ்தானம் வச்சுடலாமே. எங்க ஸ்டேஷனுக்கு எத்தினி பேர் வர்றாங்க தெரியுமா? நல்ல நேரத்துல துணி மூட்டைய எதிர்ல இருக்கற டீக்கடையில வச்சுட்டுப் போயிடுவாங்க. அதோட பயணம் கெளம்பினதாக் கணக்கு. அப்புறம் எப்ப வண்டி ஏறினாலும் தோஷமில்ல."

அப்பா யோசித்தார். "மூட்டைய எங்க வைக்கறது மாப்ள?"

"எங்க வூட்லதான். நாளைக்குச் சூலம் தெக்கே, எங்க தெரு வடக்கே. காலைல எமகண்டம் கழிஞ்சதும் நானே எடுத்துக்கினு போறேன். மூட்டைய வச்ச எடத்துலேருந்துதானே நீங்களும் கெளம்பணும்? ஊருக்குத் தோதா ஒரு நாள் வர்ற வரைக்கும் நீங்க பாதி வழியில இருக்கீங்க, அவ்ளோதான்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் அப்பா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டில் நோயாளியாகப் படுப்பது வேறு, ஊருக்குப் போகிற வழியில் தங்குவது வேறு. அப்பா அந்த இரண்டையும் மனதுக்குள் எடை போட்டுப் பார்த்திருக்கவேண்டும். கடைசியில், "சாஸ்திரம்னு ஒண்ணு இருக்குதே, அதுக்குக் கட்டுப்பட்டுத்தான் ஆவணும்" என்றார். எனக்கு வந்த சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல.

வியாழன் காலை ஒரு வேட்டி, துண்டு, செம்பு எல்லாம் வைத்துக் கட்டிய மூட்டை எங்கள் வீட்டுக்குப் போனது. அன்று லீவு போட்டிருந்த கணவர் திரும்பி வந்ததும் பில்லைக் கட்டினேன். கையில் ரிக்‌ஷாவுக்குக்கூட மிச்சமில்லை. ஆனால் விதை மல்லாட்டையில் ஒரு பருப்பும் குறையாது என்று நினைத்தபோது, அந்த வாரத்தில் முதல்முறையாக எனக்குப் பசித்தது.

வாசற்படி இறங்கும்போது அப்பா தடுமாறினார். என் கணவர் தோளைக் கொடுத்தார். அவரிடம் நின்று பேசும்போதுகூட ஒரு முழம் தள்ளியே நிற்கிற அப்பா, ஒரு கணம் தயங்கிவிட்டுக் கையை அந்தத் தோள்மேல் வைத்தார். படி முடிந்தது. தெருவும் வந்துவிட்டது. கையை எடுக்கவில்லை.

"மெதுவாப் போங்க மாப்ள" என்றார். "அவசரம் ஒண்ணுமில்ல."