மேசைக்கு அடியில் ஆடிய கால்

சிறுவர் நீதிமன்றத்தில் கூண்டு கிடையாது, கறுப்பு அங்கி கிடையாது. போலீஸ்காரனான நானே வேட்டி சட்டையில்தான் போகவேண்டும். எழுபதுகளில் ஒருநாள் புதூர்நாட்டு மலைப் பையன் ஒருவனைக் கூட்டிப் போனேன். நின்றிருந்த ஜீப்பின் பிரேக்கை எடுத்துவிட்டு, அது பலாப்பழக் குவியலில் போய் முட்டுவதை ரசித்தவன்.

மாஜிஸ்திரேட் ஒல்லியான மனிதர். அவருக்குக் கால் ஆடாமல் இருக்காது. பேனா மூடியைக் கழற்றுவார், மாட்டுவார், கடிப்பார், மறுபடி கழற்றுவார்.

"ஒரு எடத்துல நிக்க மாட்டான் சார். சீர்திருத்தப் பள்ளிதான் சரி" என்றார் இன்ஸ்பெக்டர். துறுதுறுப்புக்கு அன்று எங்களிடம் இருந்த ஒரே மருந்து அதுதான்.

பையன் காதில் அது விழவேயில்லை. குனிந்து, மேசைக்கு அடியில் ஆடும் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மாஜிஸ்திரேட்டிடம் இரக்கத்தோடு கேட்டான்:

"உங்கள எதுக்குங்க புடிச்சாந்தாங்க?"

ஆடிய கால் நின்றது.

"இதே கேசுதான்பா. சும்மா உக்கார மாட்டேன்னு" என்றார் அவர்.

பையனை, வெளியே காத்திருந்த அப்பாவோடு மலைக்கே அனுப்ப உத்தரவு போட்டார். வாசல்வரை போனவன் திரும்பி ஓடிவந்து அவர் கையைப் பிடித்து இழுத்தான். "நீங்களும் வாங்க, பூடலாம்."

அவர் பாதி எழுந்துவிட்டார். நான் நிற்பதைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தார். நான் மட்டும் அங்கே இல்லாதிருந்தால் போயிருப்பாரோ என்று இன்றும் எனக்குச் சந்தேகம்.