பெரியப்பாவுக்காக வைத்த பட்டை

மற்றவர்களின் வண்டி ஆள் ஏறினால் சாயும். எங்கள் வேன் ஆள் ஏறினால் நிமிரும். காலியாக நிற்கும்போது வலப்பக்கம் சாய்ந்தே நிற்கும், பெரியப்பா ஏறி உட்கார்ந்ததும் நேராகிவிடும். ராஜபாளையத்தில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் காசில்லாத வேடிக்கை அது.

பெரியப்பாவின் உடம்பு அப்படி. அவர் வாசலில் வந்து நின்றால் வீட்டுக்குள் இருட்டிவிடும். வண்டி அவருடையது, ஓட்டுவது என் அப்பா. கல்யாணம், காதுகுத்து, கோயில் என்று எந்த வாடகைக்குப் போனாலும் பெரியப்பாவும் கூடவே போவார். இடப்பக்கம் பின்சக்கரத்துக்கு நேர் மேலே உள்ள ஜன்னலோர இருக்கை அவருடையது. மாப்பிள்ளையே கேட்டாலும் விட்டுக்கொடுக்க மாட்டார். இரண்டு கை மாறி எங்களிடம் வந்த கிழட்டு வண்டி, எத்தனை நாள் தாங்கும்? அந்தப் பக்கத்துப் பட்டை அமுங்கிப் படுத்துவிட்டது. பட்டை என்பது வண்டியின் கனத்தைத் தாங்குவதற்காக வில்லைப்போல் வளைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அச்சோடு சேர்த்துக் கட்டியிருக்கும் இரும்புத் தகடு.

எங்கள் வண்டியைப் பார்க்கும் பட்டறை பாய், அமுங்கிய பட்டைகளைக் கழற்றி உலையில் பழுக்கக் காய்ச்சி, அடித்து வளைவு ஏற்றினார். அதோடு விடாமல் இடப்பக்கத்துக்கு மட்டும் ஒரு பட்டையைக் கூடுதலாகச் சேர்த்துக் கட்டினார். பெரியப்பாவை ஏறி அவர் இடத்தில் உட்காரச் சொன்னார். சட்டைக்கு அளவு கொடுப்பவரைப்போல் பெரியப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாய் ஒரு பேரிங் குண்டை வேனின் தகரத் தரையில் வைத்தார். அது நெல்லிக்காய் அளவு இருக்கும். வைத்த இடத்திலேயே நின்றது. பெரியப்பா இறங்கினார். பட்டைகள் முனகின, குண்டு மெல்ல வலப்பக்கமாக உருண்டுபோய் ஓரத்தில் முட்டியது.

"இனி மொதலாளி இல்லாம இந்த வண்டி நேரா நிக்காது" என்று சிரித்த பாய், குண்டை என் கையில் கொடுத்துவிட்டார். எனக்கு அப்போது எட்டு வயது. அன்று அந்தப் பேச்சுக்கு எல்லாரும் சிரித்தோம்.

அடுத்த வருஷம் பெரியப்பாவுக்கு மறதி வந்தது. முதலில் செருப்பை மறந்தார், பிறகு தெருவை மறந்தார். ஒருநாள் என்னைப் பார்த்து, "நீ யாரு வீட்டுப் பிள்ள?" என்று கேட்டார். விளையாடுகிறார் என்று நினைத்து நானும் ஏதோ ஒரு வீட்டைச் சொல்லி வைத்தேன். எதை மறந்தாலும் வேனில் தன் இடத்தை மட்டும் அவர் மறக்கவில்லை. அங்கே போய் உட்கார்ந்தால் முகம் தெளிந்துவிடும். அதனால் அப்பா அவரைக் கூட்டிக்கொண்டே போய்வந்தார்.

ஆண்டாள் கோயிலுக்குச் சாமி கும்பிடப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போன ஒரு நாளில், கிளம்பும் நேரத்தில் பெரியப்பா ஜன்னல் வழியாக என்னிடம் பால்கோவா வாங்கி வருவதாகச் சொன்னார். என் பேரைச் சரியாகச் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னார். வீடே மகிழ்ந்துபோனது. அங்கே அப்பா டீ குடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது வேன் வலப்பக்கம் சாய்ந்து நின்றிருக்கிறது. தூரத்தில் இருந்தே அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது, அண்ணன் உள்ளே இல்லை என்று.

தேடாத இடம் இல்லை. தெருத்தெருவாக, பிறகு சங்கரன்கோவில், மதுரை என்று போய் வந்தார்கள். வீட்டுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர், "இருக்காவளோ என்னமோ" என்று இழுத்தார். பெரியம்மா அவருக்கு வைத்த சாப்பாட்டை இலையோடு எடுத்துக் கொண்டுபோய் வெளியே போட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

வேன் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. ஓடும்போது இடப்பக்கத்துப் பட்டை முனகும். முன்பெல்லாம் பெரியப்பா ஏறும்போதும் இறங்கும்போதும் கேட்ட அதே முனகல். வேனில் யாரும் இல்லாமல் கொட்டகையில் நிற்கும்போதுகூடச் சில விடியற்காலைகளில் ஒருதரம் முனகிவிட்டு அடங்கும். ரெக்சின் இருக்கையில் அவர் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த குழி மேலே எழும்பவே இல்லை. வாடகைக்கு வருபவர்கள் விவரம் தெரியாமலேயே அந்த இடத்தை விட்டுவிட்டு நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஒரு கல்யாணத்துக்குப் போனபோது கைக்குழந்தை ஒன்று அந்தக் காலி இடத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அதன் அம்மா குழந்தையின் முகத்தைத் தன் தோளில் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

தினமும் காலையில் குளித்துப் பொட்டு வைத்ததும் பெரியம்மா என்னைக் கூப்பிடுவாள். "குண்ட உருட்டிப் பாத்துட்டு வாட்டீ" என்பாள். நான் வேனில் ஏறி, பெரியப்பா கால் வைக்கும் இடத்தில் குண்டை வைப்பேன். அது ஒரு கணம் யோசிப்பதுபோல் நின்றுவிட்டு, வலப்பக்கம் உருண்டுபோய் முட்டும். ஓடிவந்து, உருண்டுவிட்டது என்று சொல்வேன். "இன்னும் வரல" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா அடுப்படிக்குப் போய்விடுவாள். வராத ஆளை வண்டிக்குள் தேடுவானேன் என்று நான் கேட்டதில்லை. பெரியவர்கள் செய்வதற்கெல்லாம் காரணம் கேட்டால் முதுகுதான் பழுக்கும் என்பது என் அனுபவம்.

இப்படியே ஓட்டினால் வலப்பக்கத்து டயர் தேய்ந்துபோகும், கனம் இல்லாத பக்கத்தில் எதற்கு அந்தப் பட்டை, கழற்றிவிடுவோம் என்று பாய் வீட்டுக்கே வந்து பெரியம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார்.

"கழத்திப்பிட்டு, அவிய வந்து உக்காந்தா வண்டி சாஞ்சிராதா?" என்றாள் பெரியம்மா. "அவியளுக்காக வச்சது. இருக்கட்டும் பாய்."

பாய் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு மதியத்தில் யாரோ வந்து அப்பாவைத் தெருமுனைக்குக் கூப்பிட்டுப் பேசிவிட்டுப் போனார்கள். அப்பா சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகை இருக்கிறது என்று சொல்லி வேனை எடுத்தார். விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்தார். தலை நனைந்திருந்தது, வேட்டியும் ஈரம். அன்று மழையே இல்லை. வாசல் வழியாக வராமல் பக்கச் சந்தில் புகுந்து, பின்னால் போய் மறுபடியும் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றினார். ஒரே நாளில் எத்தனை தரம் குளிப்பார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா பார்த்த பார்வையில் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை வழக்கம்போல் குண்டை எடுத்துக்கொண்டு வேனில் ஏறினேன். உள்ளே பெரியப்பா போடும் மூக்குப்பொடியின் வாசனை அடித்தது. இப்போது நினைத்தால் நானாகக் கற்பித்துக்கொண்டதாகவும் இருக்கலாம். குண்டை வைத்துக் கையை எடுத்தேன்.

அது உருளவில்லை.

விரலால் தொட்டுத் தள்ளினேன். கொஞ்சம் நகர்ந்துவிட்டு மறுபடியும் நின்றது. எதிரே குழி விழுந்த இருக்கை. ஜன்னலில் வெயில் விழுந்திருந்தது. எனக்குப் பயம் வந்தது உண்மை, ஆனால் பயத்தைவிடச் சந்தோஷம் அதிகமாக இருந்தது. வண்டி நேராக நிற்கிறது என்றால் பெரியப்பா உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம், கண்ணுக்குத் தெரியாவிட்டால் என்ன? இறங்கி ஓடி, "பெரிம்மா, வந்துட்டாவ, குண்டு நிக்குது" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

பெரியம்மா ஈரக் கையோடு வந்தாள். வேனைச் சுற்றி ஒருதரம் நடந்தாள். இடப்பக்கப் பின்சக்கரத்தின் அருகில் குந்தி உட்கார்ந்து அடியில் கையை விட்டுத் தடவினாள். விரலில் புது கிரீஸ் ஒட்டியிருந்தது. அப்பா கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மூட்டை ஏற்றும் கூலிக்கும் முழு நாள் பேரம் பேசுகிற மனிதர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அவரைக் காட்டித்தான் சொல்வார்கள். அன்று தூணை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"கழத்துன பட்டைய எங்க போட்டிய தம்பி?" என்று கேட்டாள் பெரியம்மா.

அப்பா, "மதினி" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெரியம்மா கிரீஸ் படாத கையால் நெற்றிப் பொட்டைத் துடைத்தாள். பிறகுதான் அம்மா சத்தமாக அழ ஆரம்பித்தாள். ஓர் இரும்புப் பட்டைக்கா இவ்வளவு அழுகை என்று எனக்குப் புரியவில்லை.

அப்பா தன் கடைசிக் காலத்தில்தான் என்னிடம் சொன்னார். எங்கெங்கோ அலைந்துவிட்டுப் பெரியப்பா திரும்பி வந்துகொண்டிருந்திருக்கிறார். மம்சாபுரம் பக்கத்துக் கண்மாய்க் கரையில் கிடந்தவரை யார் என்று தெரியாமல் அடக்கமும் செய்துவிட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனில் எடுத்து வைத்திருந்த சட்டையையும் பொடி டப்பாவையும் அப்பாவிடம் காட்டியிருக்கிறார்கள். குளத்தில் முழுகிவிட்டு வேனில் ஏறி உட்கார்ந்தவருக்கு, வீட்டில் போய் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அங்கேயே ஒரு பட்டறையில் வண்டியை விட்டு அந்த ஒரு பட்டையைக் கழற்றச் சொல்லியிருக்கிறார். "எனக்கு வாய் வரல. வண்டி சொல்லிக்கிடட்டும்னு விட்டுட்டேன்" என்றார்.

வண்டியா சொன்னது? ஓடிப்போய்ச் சொன்னது நான். தெருவே கேட்கச் சொன்னேன். அதுவும் சந்தோஷமாகச் சொன்னேன்.

அன்று வீடு நிறைய ஆட்கள் வந்து அழுதுகொண்டிருந்தார்கள். திரும்பி வந்த பெரியப்பாவைக் கவனிக்காமல் எல்லாரும் உள்ளே போய் அழுகிறார்களே என்று எனக்குக் கோபமாக வந்தது. ஒருவரும் பார்க்காத நேரத்தில் வேனில் ஏறினேன். குண்டு வைத்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. அந்தக் காலி இருக்கைக்கு எதிரே உட்கார்ந்து, எனக்கு வாங்கி வருவதாகச் சொன்ன பால்கோவா எங்கே என்று பெரியப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.