சிவப்புக் கோட்டுக்கு மேலே

பழைய நீல வண்டியைக் கொடுத்துவிடுவது என்று முடிவானதும், அதன் இருக்கைக்குப் பின்னால் கிடந்த சாமான்களை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்பானர்கள், கிழிந்த தார்ப்பாய், காலி ஆயில் டப்பா. எல்லாவற்றுக்கும் அடியில், துண்டில் சுற்றிய கண்ணாடி பாட்டில் ஒன்று கையில் அகப்பட்டது. துண்டைப் பிரித்தேன். பாட்டிலின் தோளுக்குச் சற்றுக் கீழே சிவப்பு நெயில் பாலிஷால் போட்ட கோடு இன்னும் அழியாமல் இருந்தது. அந்தக் கோடு வரை ஊற்றினால் சரியாக ஒரு லிட்டர். போட்டது என் அண்ணி. கோட்டுக்கு மேலே இருக்கும் நான்கு விரல் இடத்தைப் பார்த்ததும் எனக்குக் காது சுட்டது. அந்த இடம் என்னுடையது.

பழைய டீசல் வண்டி வாங்குகிறவர்களுக்கு இந்த பாட்டில் தெரிந்திருக்கும். வண்டியின் டீசல் குழாயைத் தொட்டியிலிருந்து கழற்றி பாட்டிலுக்குள் விட்டு, பாட்டிலைக் கதவோரம் கட்டிக்கொண்டு ஓட்டுவார்கள். ஒரு லிட்டர் எத்தனை கிலோமீட்டர் போகிறது என்று பார்த்துவிட்டால், விற்கிறவரின் வாய்ப்பேச்சுக்கு வேலையில்லை. அண்ணிக்கு இது அவருடைய அப்பாவின் வழியாக வந்தது. அப்பா லாரி டிரைவர். திருவொற்றியூரில் நெடுஞ்சாலையை ஒட்டிய வீடு. மாதத்துக்கு இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அதைப் பற்றி அண்ணி அதிகம் பேசியதில்லை. ஒரே ஒருமுறை, மீன் கழுவிக்கொண்டே, "எங்க நைனா மூஞ்சிய விட அவரு ஹாரன் சத்தம்தான் எனக்கு நல்லா தெரியும்" என்றார். நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

அண்ணன் ராயபுரத்தில் ஒரு ஃபைபர் படகு வைத்திருந்தார். மீன்பிடிக்க அல்ல, வாடகைக்கு விட. முகத்துவாரத்தில் ஆழம் அளக்கிறவர்கள், பாலத்தின் தூணைப் பார்க்க வருகிறவர்கள், ஏரியில் ஆகாயத்தாமரை அள்ளுகிறவர்கள் என்று யாருக்காவது படகு தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் அத்திப்பட்டு, அடுத்த வாரம் பழவேற்காடு, அதற்கடுத்து செம்பரம்பாக்கம். படகை இரண்டு சக்கர ட்ராலியில் ஏற்றி, வாடகை வண்டியில் கட்டி இழுத்துப் போவார். படகை அங்கேயே விட்டுவிட்டு வர முடியாது. காலையில் போய்ப் பார்த்தால் இஞ்சின் இருக்காது. ஒன்று, படகுக்குக் காவலாக அங்கேயே படுக்க வேண்டும். இல்லையென்றால் தினமும் படகோடு வீட்டுக்கு வர வேண்டும். இதை மனதில் வைத்துத்தான் சொந்தமாக ஒரு வண்டி வாங்குவது என்று முடிவு செய்தோம்.

பெரம்பூரில் பழைய வண்டி விற்கிற இடத்தில் இரண்டு வண்டிகள் தேறின. ஒன்று வெள்ளை, உயரமானது, நான்கு கதவு. ஏறி உட்கார்ந்தால் சாலையே நமக்குக் கீழே இருக்கிற மாதிரி ஒரு மிதப்பு வரும். இன்னொன்று நீலம், சின்னது, முகம் சப்பையாக இருக்கும். எனக்கும் அண்ணனுக்கும் வெள்ளை வண்டியைப் பார்த்த மாத்திரத்தில் கிறுக்குப் பிடித்துவிட்டது. நான் அப்போது ஒரு கண்டெய்னர் யார்டில் கேட் ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வண்டியில் ஒருநாள் யார்டு வாசலில் போய் இறங்க வேண்டும் என்பதே என் லட்சியமாக இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்வதில் கஷ்டமில்லை.

அண்ணன் நியாயமான காரணம்தான் சொன்னார். "கரையில மேடு கீது. ஃபைபர் போட்ட மேல இஸ்க்கணும்னா வண்டிக்கு தம் வேணும்."

அண்ணி அரிசி களைந்துகொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மேடு எவ்ளோ தூரம்? இருவது அடி. வூடு எவ்ளோ தூரம்?"

அப்போது அதை நான் கஞ்சத்தனம் என்றுதான் நினைத்தேன். 'மைலேஜ் அண்ணி' என்று பட்டப்பெயர்கூட வைத்தேன். கடைசியில் இரண்டையும் ஓட்டிப் பார்ப்பது என்று ஆனது. அதற்கும் அண்ணி ஒரு நிபந்தனை போட்டார். வெறும் வண்டியாக ஓட்டக் கூடாது. "பின்னால போட்டு இல்லாம பாக்கறது இன்னா மைலேஜ்?" என்று கேட்டு, படகைக் கட்டச் சொன்னார். அதோடு, வேலைக்கு வரும் ஆட்களின் கனத்துக்குச் சமமாக நான்கு மூட்டை மணலைப் படகில் போட்டு, மேலே தார்ப்பாய் மூடினோம்.

சனிக்கிழமை வெள்ளை வண்டி. பாட்டிலை நிரப்ப அண்ணி உட்கார்ந்தபோது உள்ளே குக்கர் விசில் அடித்தது. "தம்பி, கோடு வரிக்கும் ஊத்து" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நான் கோட்டைத் தாண்டிக் கழுத்து வரை ஊற்றினேன். கோடு தெரியாதபடி துண்டைச் சுற்றினேன். இரண்டும் சேர்ந்து அரை நிமிடம் ஆகியிருக்காது. எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நின்ற கண்டெய்னர் லாரிகளின் ஓரமாக அண்ணன் ஓட்ட, நான் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு கிலோமீட்டரைப் படித்தேன். ஒன்பது வந்தது. அண்ணன் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை நீல வண்டி. அன்று அண்ணி தலைவலி என்று பூசைக்கு வரவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் ஞாயிறு பூசையை விட்டதே இல்லை. நாங்கள் மாதா கோயிலிலிருந்து திரும்பியபோது ட்ராலி தயாராக இருந்தது, தார்ப்பாய்கூட ஒழுங்காகக் கட்டியிருந்தது. பாட்டிலை இந்த முறை அவரே நிரப்பினார். தரையில் உட்கார்ந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்து, ஒரு சொட்டு கூடிவிட்டது என்று அதையும் கேனில் திருப்பி ஊற்றினார். அந்த நேர்மையைப் பார்த்து எனக்குக் கூச்சமாக இருந்தது. பதினொன்று வந்தது.

"ரெண்டு கிலோமீட்டர்தானே" என்றார் அண்ணன். வெள்ளை வண்டி வீட்டுக்கு வந்தது.

கையில் வந்த பிறகு அது எட்டைத் தாண்டியதே இல்லை. பழவேற்காடு வேலை பிடித்தபோது தினமும் போய்வருவது கட்டுப்படியாகாது என்று தெரிந்துவிட்டது. அண்ணன் திங்கட்கிழமை போனால் சனிக்கிழமை வருவார். படகோடு வண்டி உள்ளே வர எங்கள் வாசல் கேட்டின் இரண்டு கதவையும் திறக்க வேண்டும். அதைத் திறந்து வைப்பது அண்ணியின் வேலை. வெள்ளை வண்டி எங்களிடம் இருந்த எட்டு மாதமும், வாரத்தில் ஐந்து நாள் அந்தக் கேட் ஒற்றைக் கதவாகவே இருந்தது. சாயங்காலம் ஆறரைக்கு அண்ணி வாசலுக்கு வந்து, ஒன்றும் செய்யாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போவார். ஒருநாள் யார்டிலிருந்து திரும்பியபோது அதைப் பார்த்தேன். திருவொற்றியூர் வீட்டு வாசலில் இப்படித்தான் நின்றிருப்பார் என்று பட்டது. மைலேஜ் என்று அவர் எதைக் கேட்டார் என்பது அன்றைக்குத்தான் என் மண்டையில் ஏறியது. சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். தைரியம் வரவில்லை.

அண்ணன் தானாகவே ஒருநாள் வெள்ளை வண்டியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, விற்காமலே கிடந்த நீல வண்டியோடு வந்தார். "அங்க தூக்கம் வரல" என்றார், அவ்வளவுதான். சோதனையில் பதினொன்று தந்த அந்த வண்டி கைக்கு வந்ததும் பத்தைத் தாண்டவில்லை. எட்டு மாதம் வெயிலில் கிடந்ததில் இஞ்சின் கெட்டிருக்கும் என்று பேசிக்கொண்டோம். ஆனாலும் தினமும் வந்துபோகக் கட்டுப்படியானது. அதன்பிறகு ஐந்து வருடம், ஆறரைக்குக் கேட்டின் இரண்டு கதவும் திறந்திருக்கும். ஒரு சாயங்காலம் அண்ணன் வழக்கம்போல வந்து, கை கால் கழுவி, அண்ணி கொடுத்த காபியைப் பாதி குடித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அண்ணியின் மடியில்தான் போனார். அந்த ஐந்து வருடத்தை நினைத்தால் நிம்மதியாக இருக்கும். உடனே அந்த எட்டு மாதமும் நினைவுக்கு வந்துவிடும்.

யார்டு வேலையை விட்டுவிட்டு இப்போது நான்தான் படகைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கே இருக்கிறீர்கள் என்று சாயங்காலம் போன் செய்ய என் மனைவி இருக்கிறாள். நீல வண்டிக்கு வயதாகிவிட்டது. பெரம்பூரில் இரண்டு பழைய வண்டிகள் பார்த்து வைத்திருக்கிறேன், ஒன்று பெரிது, ஒன்று சின்னது. நாளைக்கு ஓட்டிப் பார்ப்பதாக வீட்டில் சொல்லியிருக்கிறேன். பாட்டிலை எடுத்துக்கொண்டு மாடிக்கு அண்ணியிடம் போனேன். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். பாட்டிலைப் பக்கத்தில் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். குக்கர் விசில், கழுத்து வரை டீசல், துண்டு.

அண்ணி கை வேலையை நிறுத்தவில்லை. "தெரியும்."

"எப்டி அண்ணி?"

"துண்டு டீசல்ல நனஞ்சி கெடந்துச்சி. கோடு வரிக்கும் ஊத்தினா துண்டு ஏன் நனையுது?"

"அப்பவே கேட்டிருக்கலாமே."

அவர் இன்னொரு பட்டாணியை உரித்துப் போட்டார். "எந்த மூஞ்சிய வெச்சிக்கினு கேக்கறது? ஞாயித்துக்கெழம பூசைக்கி வராம இன்னா பண்ணேன்னு நெனச்ச? மூட்டையில கீற மணல்ல பாதிய கொட்டிட்டு, ஒடஞ்ச மீன் பொட்டி தெர்மாகோல ரொப்பினேன்."

தரையில் உட்கார்ந்து ஒரு சொட்டைத் திருப்பி ஊற்றிய அண்ணி கண்முன் வந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணியும் சிரித்தார். இத்தனை வருடப் பாரம் சட்டென்று இறங்கிய மாதிரி இருந்தது. ரெண்டு பேர் திருட்டையும் கழித்துப் பார்த்தால் அதே இரண்டு கிலோமீட்டர்தான் வித்தியாசம், அண்ணன் எப்படியும் வெள்ளையைத்தான் வாங்கியிருப்பார் என்று உற்சாகமாகக் கணக்குச் சொன்னேன்.

"கணக்கு சரிதான்" என்றார் அண்ணி. சிரிப்பு நின்றிருந்தது. "ஆனா நீ வண்டிக்கோசரம் ஊத்தின. நான் ஆளுக்கோசரம் கொட்னேன்."

அண்ணி பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிவப்புக் கோட்டின் மேல் படிந்திருந்த அழுக்கைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். பிறகு அதை என்னிடம் தராமல் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"நாளிக்கி எத்தினி மணிக்கி போறோம்?" என்று கேட்டார். "இந்த தபா நான் ஊத்தறேன். மூட்டைய நீ ரொப்பு."