பாய் ரகம், பட்டிக்காட்டு ரகம்

நான் வேலை பார்க்கும் பட்டுக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. வாடிக்கையாளர் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள், அவர் என்ன ஆள், என்ன புடவை எடுப்பார் என்று எங்கள் சீனியர் விற்பனையாளர் முடிவு கட்டிவிடுவார். நெற்றியைப் பார்ப்பார், மூக்குத்தியைப் பார்ப்பார், புடவைக் கட்டைப் பார்ப்பார். பிறகு எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஐயர் ரகம் எடு", "ரெட்டியார் ரகம் போடு" என்று முணுமுணுப்பார். அலமாரியில் ஒவ்வொரு புடவை அடுக்கின் அடியிலும் அந்தப் பெயர் எழுதிய அட்டை ஒன்று செருகியிருக்கும். மெத்தையில் உட்கார்ந்திருக்கும் வாடிக்கையாளர் கண்ணுக்கு அது தெரியாது. கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்களிடம் சாதி கேட்க முடியுமா, கேட்காமலே கண்டுபிடிப்பதுதான் தொழில் என்பது சீனியரின் கட்சி.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அந்த அலமாரியில் என்னையும் கண்டேன். மூலையில், கீழ்த்தட்டில், கண் கூசும் ரோஸும் பச்சையுமாக, உடம்பெல்லாம் ஜரிகை ஓடிய புடவைகள். அடியில் 'பாய் ரகம்' என்று அட்டை. என் நிக்காஹ்வுக்கு நான் கட்டியது ஒற்றை விரல் அகல பார்டர் போட்ட மெரூன் புடவை. என் அம்மாவுக்கு ஜரிகை பட்டாலே கழுத்து அரிக்கும். எங்கள் வீட்டுக்கே தெரியாமல் எங்களுக்கென்று ஒரு ரகம் இருந்திருக்கிறது.

சீனியர் கெட்டவர் இல்லை. நோன்பு மாதத்தில் சாயங்காலம் நான் கேட்பதற்கு முன்பே, கிளம்பு என்று அனுப்பிவிடுவார். ஆனால் அவருக்கு நான் 'பாயம்மா'. ஒருநாள் கேட்டே விட்டேன்.

"பேர் சொல்லிக் கூப்புடுங்கண்ணே."

"பாய்னா அண்ணன்னு தானேம்மா அர்த்தம். மரியாதையாத்தான் சொல்லிக்கினு இருக்கிறேன். இதுல இன்னா தப்பு இருக்குது?"

அர்த்தம் என்னவோ சரிதான். என் தெருவில் எல்லாரும் என் வீட்டுக்காரரை பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவரும் சிரித்துக்கொண்டே திரும்புவார். அதில் ஒரு குறையும் இல்லை. கடையில் 'பாயம்மா'வுக்கு அடுத்து வருவது எப்போதும் ஒரே பேச்சு: "இந்த வருசம் பிரியாணி எப்போ?" வீட்டில் பிரியாணி செய்வது என் வீட்டுக்காரர், எனக்கு வருவது ரசம். இத்தனை வருடத்தில் அதைத் தெரிந்துகொள்ள சீனியருக்குத் தோன்றவில்லை. அந்தச் சொல் நல்லதா கெட்டதா என்று சொல்லுக்குள் தேடினால் கிடைக்காது என்று அப்புறம்தான் புரிந்தது. அதைச் சொல்லிவிட்டால் எதிரில் நிற்பவளைப் பற்றி வேறு எதுவும் கேட்க வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறதே, அங்கேதான் எனக்கு எரிந்தது.

போன வருடம் அட்டைகள் பழசாகிவிட்டன. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று முதலாளி புது அட்டைகளையும் ஸ்கெட்ச் பேனாவையும் என்னிடம் கொடுத்தார். மற்ற எல்லாவற்றையும் எழுதினேன். 'பாய் ரகம்' வந்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

"இத மட்டும் எழுத மாட்டேன் முதலாளி."

"யாரையாவது திட்டியா எழுதச் சொன்னேன்? வேலைக்காக வெச்சிருக்கிற அட்டைமா. கஷ்டமா இருந்தா வேற கடை பாத்துக்கோ."

மகள் அந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். வேறு கடை பார்க்கிற நிலைமையில் நான் இல்லை. சீனியரே கோணல் மாணலாக அந்த ஒன்றை எழுதிச் செருகினார். என் கையால் எழுதவில்லை என்பதில் எனக்குப் பெரிய கர்வம். மற்ற அட்டைகளில் என்ன எழுதினேன் என்று அன்றைக்கு நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

இந்த ஆவணியில், முகூர்த்தக் கூட்டத்தில், தென்னேரிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயக் குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, கல்யாணப் பெண். கல்யாணத்துக்கான மொத்தப் புடவையும் எங்கள் கடையிலேயே எடுப்பதாகச் சொன்னார்கள். சீனியர் அப்பாவின் மடித்துக் கட்டிய வேட்டியைப் பார்த்தார், அம்மாவின் மஞ்சள் பூசிய முகத்தைப் பார்த்தார், என்ன வேண்டும் என்று கேட்காமலே ஓர் அடுக்கை அப்படியே தூக்கி மெத்தையில் போட்டார். அவசரத்தில் அடியிலிருந்த அட்டையும் கூட வந்து, அந்தப் பெண்ணின் மடிக்கு நேராக விழுந்தது.

அவள் எடுத்து வாய்விட்டுப் படித்தாள். "பட்டிக்காட்டு ரகம்."

சீனியர் தடுமாறினார். "அது வந்து, தறியோட பேரும்மா."

"எந்தத் தறி சார்? எங்க வீட்டாண்ட கூட தறி இருக்குது. இப்டி ஒரு பேரு நான் கேட்டதில்லையே."

அப்பா எழுந்துவிட்டார். "வா மா, போலாம்." அம்மா தோளில் கிடந்த முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தார். கீழ்த்தட்டில் என்னைக் கண்ட அன்றைக்கு நானும் அப்படித்தான் நின்றிருப்பேன்.

பெண் போனை எடுத்து அட்டையைப் படம் பிடித்தாள். முதலாளி கல்லாவிலிருந்து ஓடி வந்தார். "யாரோ தெரியாம எழுதிட்டாங்கமா, மன்னிச்சிடுங்க."

அந்த அட்டையில் இருந்தது என் முத்து முத்தான எழுத்து. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்குத் தலைவலி வந்தபோது ஊரைக் கூட்டினேன். அதே தலைவலியை அடுத்தவர்களுக்கு அழகாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிலைக்கும், முதலாளியே மூடி மறைத்துவிடுவார் என்று தெரிந்தது. என்னால் முடியவில்லை.

"யாரோ இல்லமா. நான்தான் எழுதினேன்."

முதலாளி என்னை முறைத்தார். நான் மூலைக்குப் போய், கீழ்த்தட்டிலிருந்து கோணல் எழுத்து அட்டையை உருவிக்கொண்டு வந்து அந்த அம்மாவின் முன்னால் வைத்தேன்.

"இது எனக்கு வெச்ச பேரு. இத எழுத மாட்டேன்னு சண்ட போட்டேன். உங்களுக்கு வெச்சத மட்டும் ஒண்ணும் யோசிக்காம எழுதினேன். தப்புதாம்மா." பிறகு முதலாளியிடம் திரும்பினேன். "எல்லா அட்டையையும் இப்போ எடுத்துடறேன். வேணாம்னா சொல்லுங்க, இவங்களோடயே நானும் கெளம்பிடறேன்."

முதலாளி என்னைப் பார்த்தார், அந்தப் பெண்ணின் போனைப் பார்த்தார், கதவருகே செருப்பைத் தேடிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தார்.

"எடு," என்றார்.

எடுத்தேன். ஐயர், ரெட்டியார், பாய், பட்டிக்காடு, வடக்கத்தியார், ஒன்று பாக்கி இல்லாமல் உருவி, எல்லார் கண்ணெதிரிலும் கிழித்துப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் எதையும் அவ்வளவு சந்தோஷமாகக் கிழித்ததில்லை. பக்கத்து மெத்தையில் புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

சீனியர்தான் பாவம், கிழிந்த அட்டைகளுக்கு நடுவில் நின்றார். "இனிமே எத எடுத்துப் போடறதுன்னு எப்டிபா தெரியும்?"

வாசலில் நின்ற அப்பா பதில் சொன்னார். "கேளுங்கபா. எங்களுக்கும் வாய் இருக்குதே, சொல்றோம்."

அவர்கள் திரும்ப உட்கார்ந்தார்கள். சீனியர் பெண்ணிடம் என்ன வேண்டும் என்று கேட்டார். வெங்காயத்தோல் கலர், சின்ன பார்டர், உடம்பில் அங்கங்கே புட்டாப் பூ என்றாள். எந்தத் தட்டில் இருக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. முதலாளி உட்பட மூன்று பேரும் அலமாரியைக் குடைந்தோம். கடைசியில் சீனியரே கண்டுபிடித்து, ஜெயித்த பிள்ளை மாதிரி தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். அவள் தோளில் போட்டுக் கண்ணாடியைப் பார்த்தபோது கடையே அவளைப் பார்த்தது. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. என் வேலை போகவில்லை. அந்த அலமாரியில் அதற்குப் பிறகு ஓர் அட்டையும் ஏறவில்லை.

பெண்ணுக்கு எடுத்து முடித்ததும் நான் அம்மாவிடம் திரும்பி, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். அவர், கல்யாணத்துக்கு இல்லை, அப்புறம் கட்டிக்கொள்ள என்று முதலில் சொல்லிவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டார்.

"கறுப்புல, செவப்பு பார்டர் போட்டது இருக்குதாமா?"

அவர் வீட்டுக்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். "உனக்குக் கறுப்பு புடிக்குமா? இத்தன வருசத்துல சொன்னதே இல்லையே."

அந்த அம்மா புடவை அடுக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க எப்போ கேட்டீங்க?"