அப்பாசாமி மேல் ஊற்றிய தண்ணீர்

அப்பாசாமியை நல்லவன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வாய்த்துடுக்கு, வீம்பு, எல்லாம் உண்டு. ஆனால் உழைப்பாளி. காஜா பேராங்கில் எங்கள் தகரவீட்டு வரிசையில் என் வீட்டுக்கு அடுத்த வீடு அவனுடையது. இடையில் ஒரு பலகைச் சுவர்தான். அவன் பெண்டாட்டி மீனாச்சி அங்கே தும்மினால் நான் இங்கே 'நூறு வயசு' என்பேன்.

வெள்ளைக்காரன் போய் மெர்டேக்கா என்ற சுதந்திரம் வந்த மறு வருஷம் அது. இரண்டு மாதமாக மழை இல்லை. கிணற்றில் சேறுதான் வந்தது. ரோட்டோரக் குழாயில் காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் விடுவார்கள். டிரம்மில் பிடித்து வைத்தால்தான் அன்றைய பிழைப்பு. முதலில் கோணிச் சாக்கை நனைத்துக் கூரைத் தகரத்தின் மேல் போட்டு வைத்தோம். தண்ணீர் குறைந்ததும் அதுவும் போயிற்று. மத்தியானம் வீட்டுக்குள் நின்றால் தலைக்கு மேல் அடுப்பு எரிவதுபோல் இருக்கும். பிள்ளைக்காரிகள் சிமெண்டுத் தரையில் வாழையிலை விரித்துப் பிள்ளைகளைக் கிடத்தினார்கள். நாங்கள் பலாமரத்தடியில் உட்கார்ந்து ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொண்டிருப்போம்.

அப்பாசாமிக்கு ரோடு போடுகிற வேலை. புக்கிட் பாரு பக்கம் தார் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மேலே வெயில், கீழே கொதிக்கிற தார். அவனோ வேலை முடியும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டான்.

"வேலைக்கு நடுவுல தண்ணி குடிச்சா வயித்தப் பிடிச்சு இழுக்கும்க்கா. வீட்டுக்கு வந்துதான் குடிக்கணும்."

"அதுக்குள்ள செத்துப்போனா எங்க வந்து குடிப்பே?"

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று திட்டிவிட்டுத்தான் அன்று காலையிலும் வேலைக்குப் போனான்.

மத்தியானம் ஒரு லாரி வந்து நின்றது. அவனோடு வேலை செய்கிற தியாகு அவனைத் தோளில் சாய்த்து இறக்கினான். லாரி அப்படியே பெட்ரோல் போடப் போய்விட்டது.

"குடிகாரன் மாதிரி தள்ளாடுறாரு. என்னைப் பார்த்து 'யார்றா நீ'ங்கிறாரு. வேலை வாங்குற மண்டோரு, இவரைக் கொண்டுபோய் வீட்டுல விட்டுட்டு வரச் சொல்லிட்டாரு" என்றான் தியாகு.

பாயில் போட்டார்கள். மீனாச்சி சட்டையைக் கழற்றினாள். கழுத்து, மார்பு, அக்குள் எல்லாம் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருந்தது.

"ஆத்தா! எங்க வீட்டுக்கு வந்துட்டியா தாயே!"

அவ்வளவுதான். ஜன்னல் சாத்தியாயிற்று. வாசலில் வேப்பிலை ஏறியது. அம்மை என்ற சொல் காதில் விழுந்ததும் வரிசையே கன்னத்தில் போட்டுக்கொண்டு விலகி நின்றது. தியாகு செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டுக்குப் போய்விட்டான். அம்மை வந்த வீட்டுக்குள் வெளியாள் போகக்கூடாது. தண்ணீர் ஊற்றுகிற நாள் வரும்வரை உடம்பில் ஒரு சொட்டுப் படக்கூடாது. எங்கள் வழக்கம் அது.

நான் பலகைச் சுவரில் காதை வைத்தேன். உள்ளே உளறிக்கொண்டிருந்தான். பிறகு உளறல் நின்றது. மூச்சு மட்டும், ஓடிவந்த நாய் இரைப்பதுபோல் கேட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். நெற்றியைத் தொட்டால் தோசைக்கல். அந்தப் புழுக்கத்தில் எனக்கு வேர்த்து ஊற்றுகிறது. அவன் உடம்பில் ஒரு துளி வேர்வை இல்லை.

"இது அம்மை இல்லடி. வெயிலு. தண்ணிய எடு."

"ஐயோ, வெளிய போங்கக்கா! ஆத்தா கோவிச்சுக்குவா!"

"என் மூஞ்சியப் பாரு. ஆத்தா போட்ட கோலம் இது. மூணு நாள் காய்ச்சல்ல கிடந்தப்புறந்தான் எனக்கு முத்துப் போட்டா. ஒம் புருஷன் காலையில என்னைத் திட்டிட்டுப் போனான். அதுக்குள்ள ஆத்தாளுக்கு என்ன அவசரம்? இது வேர்க்குருடி, முட்டாளே!"

"தப்பா இருந்தா? மேல தண்ணி பட்டு முத்து உள்ள இறங்கிட்டா? நீங்களா வந்து என் தாலியக் காப்பாத்துவீங்க?"

தப்பாக இருந்தால் அவனைக் கொன்றவள் நான்தான். மீனாச்சி டிரம்மின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மறித்து நின்றாள். அப்போது அவன் கண் மேலே செருகியது. கால் இழுத்தது.

"தள்ளுடி! கோவம் வந்தா என்மேல வரட்டும். புருஷனும் இல்ல, புள்ளையும் இல்ல. எங்கிட்ட எடுக்க அவளுக்கு என்ன இருக்கு?"

அவள் கையைத் தட்டிவிட்டு மொண்டு ஊற்றினேன். தலையில், மார்பில், அக்குளில். மீனாச்சி வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். ஜன்னலைத் திறந்து ரோட்டைப் பார்த்துக் கத்தினேன்.

"டேய் தியாகு! மரம் மாதிரி நிக்காதே! ஓடிப்போய் லாரியக் கூட்டியாடா!"

ஓடினான்.

பாதி டிரம் தீர்ந்தது. தொட்டால் இன்னும் சுட்டது. முக்கால் தீர்ந்தது. இழுப்பு நின்றதா, உயிர் நின்றதா என்று தெரியவில்லை. பின்னால் காற்று வந்தது. திரும்பினால் மீனாச்சி முறத்தை எடுத்து விசிறிக்கொண்டிருந்தாள், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

டிரம் காலி. என் வீட்டிலிருந்து இரண்டு வாளி தூக்கிவந்தேன். இரண்டாவது வாளி பாதியில் அவன் தலையை அசைத்தான்.

"குளிருதுடி" என்றான்.

மீனாச்சி முறத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். லாரி வந்தது. ஆஸ்பத்திரியில் அம்மை இல்லை, வெயில்தான் என்றார்கள். ஆறு நாள் வைத்திருந்தார்கள்.

அவன் மறுபடி தார் வேலைக்குப் போகவில்லை. வெயிலில் நின்றால் தலை சுற்றியது. ஜாலான் பெண்டஹாரா ரோட்டில் ஒரு துணிக்கடையில் மூட்டை இறக்கப் போனான். மீனாச்சி மட்டும் என்னோடு பேசவில்லை. டாக்டர் சொன்னது அவள் காதுக்குப் போயிற்று, மனசுக்குப் போகவில்லை. அவனுக்குத் தலைவலி வந்தால்கூட ஆத்தாளின் கோபம் என்று பயந்தாள்.

மழை வந்தபின் ஒரு வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட்டு என் வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு சட்டிக் கூழ்.

"உங்களுக்கும் சேர்த்து ஆத்தாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன்க்கா."

"நான் கேக்கச் சொன்னேனா?"

"நீங்க கேக்கமாட்டீங்கன்னு அவளுக்கும் தெரியும். அதான் நான் கேட்டேன்."

சட்டியை வாங்கி நின்றபடியே குடித்தேன்.

"உப்புப் பத்தலடி" என்றேன்.