எனக்குக் கெடைக்காத பெயில்

வக்கீல் குமாஸ்தாவா பதினாலு வருசம் ஓட்டுனவன் நான். படிப்பு ரெண்டாப்பு. அதுலயும் பாதி வருசம் வாத்தியாருக்கு வெத்தலை வாங்கவே போயிருச்சு. நம்பரு தெரியும். கேஸ் கட்டோட அழுக்கையும் கயித்தையும் பாத்தே யாரு கேசுன்னு சொல்லிருவேன். எழுத்து மட்டும் வாய்தா மேல வாய்தா. இத எழுதுறது கூட எழுத்துக் கூட்டித்தான்.

அப்ப எழுவது முடிஞ்சு எம்பது பொறந்த சமயம். ஒரே நம்பர்ல ரெண்டு கட்டு இருந்துச்சு. ஒண்ணு ஓ.எஸ்., கீழ்க்கோர்ட்டு கேசு. இன்னொண்ணு ஏ.எஸ்., அப்பீலு. இங்கிலீசு எழுத்துல முட்டை போட்டிருந்தா ஓ.எஸ்., கூரை போட்டிருந்தா ஏ.எஸ்., அதான் என் கணக்கு. அப்பீலு விசாரணை அன்னைக்குக் கூரைய விட்டுட்டு முட்டையத் தூக்கிட்டுப் போயிட்டேன். ஜட்ஜு முன்னாடி எங்க வக்கீலு வெறுங்கையோட நின்னாரு.

சாயங்காலம் கூப்பிட்டாரு. "ஒரு காலேஜில குமாஸ்தாமாருக்குன்னு சாயங்கால வகுப்பு ஆரம்பிக்கிறான்யா. அதுல எடம் வாங்கிட்டு வா. இல்லன்னா படிச்ச ஆளு ஒண்ணப் பாத்துக்கிறேன்."

தல்லாகுளத்துல மனு டைப்படிக்கிற மாப்ள ஒருத்தன்கிட்ட வக்கீலு தந்த காலேஜு நோட்டீசக் குடுத்து வாசிக்கச் சொன்னேன்.

"வயசு முப்பத்தஞ்சுக்கு மேல ஆகப்படாது. பத்தாவது பாஸ், அல்லது பெயில். டைப்பு தெரிஞ்சா நல்லது."

"பெயிலா? அப்பக் கவலைய விடு மாப்ள. எம்புட்டு பாத்திருக்கோம்."

கோர்ட்டு வாசல்ல கெடந்தவனுக்கு பெயில்னா ஜாமீன்தான். பரவாயில்லையே, படிப்பில்லாட்டி வேலை தெரிஞ்சாப் போதும்னு கேக்குறாய்ங்களே, வெவரமான காலேஜுன்னு நெனச்சேன். மறுநாளே வேட்டிய வெளுத்துக் கட்டிக்கிட்டுப் போயி வரிசையில நின்னேன்.

மேசைக்கு அங்கிட்டு ஒரு கண்ணாடிக்காரரு. "பத்தாவது பாஸா?"

"இல்லண்ணே, பெயிலு."

"எத்தன தடவ?"

"எண்ணுனதில்லண்ணே. ஒரு எரநூறு இருக்கும். மேலூர்க்காரய்ங்களுக்கே அம்பது."

அவரு பேனாவ மூடி வச்சாரு. "எரநூறு தடவையா?"

"ஒரே நாள்ல ஏழு எடுத்திருக்கேன். சேவக்கட்டு கேசு. சேவல் மட்டுந்தான் உள்ள இருந்துச்சு."

பின்னாடி நின்ன பயலுக சிரிக்க ஆரம்பிச்சாய்ங்க. அப்பத்தான் அவருக்கு வெளங்குச்சு. அவரு சிரிக்கல.

"அண்ணே, இது ஜாமீன் இல்ல. பத்தாவது பரிச்சை எழுதித் தோத்தது. அந்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் இருந்தாக் குடுங்க."

"எழுதாமலே தோத்தவனுக்கு எடமில்லையாண்ணே?"

"தோக்குறதுக்கும் பரிச்சைக்கு ஒக்காந்திருக்கணும்ல?"

நல்ல மனுசன். மொதல்ல எட்டாவத வீட்டுல இருந்தே படிச்சு எழுதுங்க, அப்பறம் பத்தாவதுன்னு வழி சொன்னாரு. மூணு வருசத்துல முடிச்சிரலாம்னாரு. அப்பறம், "வயசு என்ன?"ன்னு கேட்டாரு.

"முப்பத்தி மூணு."

விரல் விட்டு எண்ணுனாரு. எனக்குக் கணக்கு வாரதுக்கு முன்னாடியே அவரு முகம் வாடிப்போச்சு. அப்ளிகேசன் பாரத்த மடிச்சு என் கையில வச்சு, "வாங்கண்ணே"ன்னு எந்திரிச்சு நின்னாரு. ஒரு ஆபீஸ்காரரு எனக்காக எந்திரிச்சது அது ஒண்ணுதான். அதுவும் அனுப்பி வைக்க.

வக்கீலு ஆபீசுக்குப் போனேன். என்னன்னு சொல்லுறது? நடந்ததயே நடிச்சுக் காட்டுனேன், வக்கீலு சிரிச்சுட்டா எளகிருவாருன்னு. சிரிச்சாரு, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு. ஜூனியரெல்லாம் மேசையத் தட்டுனாய்ங்க. அப்பறம் துண்டால கண்ணத் தொடச்சுக்கிட்டே சொன்னாரு: "நாளைக்கு பி.காம். படிச்ச ஆளு ஒருத்தரு வாராரு. ரெண்டு நாளு கூட இருந்து எந்தக் கட்டு எங்க இருக்குன்னு காட்டிட்டுப் போயிருய்யா."

காட்டுனேன். வேற என்ன செய்ய? அந்த பி.காம்.காரரு மரியாதையா, "இது யாரு கேசுண்ணே?"ன்னு ஒவ்வொண்ணாக் கேப்பாரு. நான் சொல்லச் சொல்லச் சீட்டெழுதி ஒட்டுவாரு. எல்லாத்தையும் மறைச்சு வைக்கணும்னு தோணுச்சு. ஆனா வாய் இருக்கே, பதினாலு வருசப் பழக்கம், கேட்டா சொல்லிருது.

ரெண்டாம் நாள் சாயங்காலம் என்கிட்ட சொல்ல எதுவும் மிச்சமில்ல. "வாரேன்"னு சொன்னேன். யாரும் நிமிரல. எல்லாரும் வாசிச்சுக்கிட்டிருந்தாங்க.