எங்கள் ஊர்ப் பிரதியில் மட்டும் இருந்த இசை

"ஞாயிறு. காலைக் காட்சி. கப்பல் படம், இரண்டாம் முறை. முன்னிசை வந்தது. வந்தவர்கள்: சார், முதலாளி, ஃபிட்டர், நான். ஃபிட்டர் கருத்து: இந்தப் பட வரிசையிலேயே சிறந்த இசை, படம் தொடங்குமுன் வரும் முன்னிசைதான். மற்ற மூவரும் மறுப்பு."

1979-ஆம் ஆண்டு என் நோட்டில் நான் எழுதிய குறிப்பு இது. தேதி இருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது. மாதம் ஐப்பசி என்று சொல்ல ஆதாரம் இருக்கிறது. அதே பக்கத்தின் அடியில், "துலா ஸ்நானக் கூட்டம். அம்மா மண்டபத்தில் பஸ் பத்து நிமிஷம் நின்றுவிட்டது. படத்துக்கு ஓடிப்போய் உட்கார்ந்தேன்" என்று எழுதியிருக்கிறேன். ஐப்பசி முழுக்கக் காவிரியில் முழுக்குப் போட வரும் கூட்டம் அது; ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பவனுக்கு இதைவிட நல்ல நாள்காட்டி வேண்டாம்.

அந்தப் பட வரிசையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு உளவாளி ஒருவன் ஒவ்வொரு படத்திலும் ஒரு தேசத்துக்குப் போவான். உலகத்தை அழிக்க நினைக்கும் ஒருவனைத் தேடிப் பிடிப்பான். சட்டை கசங்காமல் திரும்பி வருவான். சென்னையில் ஓடி முடித்துச் சில வருஷம் கழித்து, கீறல் விழுந்த பிரதியாக அவை திருச்சிக்கு வரும். நகரத்தில் ஒரு தியேட்டர் மட்டும் ஞாயிறு காலைக் காட்சியாக அவற்றைப் போடும். ஆங்கிலத் தலைப்புகள் எங்கள் வாயில் நிற்கவில்லை. ரயில் படம், கப்பல் படம், பனிப் படம் என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம்.

எங்கள் நால்வருக்குள்ளும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. மேலப்புதூர்ப் பக்கம் பள்ளி ஆசிரியர், தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறவர், அவர் சார். காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி வைத்திருந்தவர் முதலாளி. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர் ஃபிட்டர். அரசு அலுவலகம் ஒன்றில் பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டிருந்த என்னை, நெற்றியைப் பார்த்து, சாமி என்பார்கள். படம் விட்டதும் மெயின் கார்டு கேட் பக்கம் நடந்துபோய் ஒரு காபி ஹோட்டலில் உட்காருவோம். அங்கேதான் எங்கள் விளையாட்டு.

விளையாட்டுக்கு இரண்டே விதிகள். ஒவ்வொருவரும் மற்ற மூவரும் ஒப்புக்கொள்ளாத ஒரு கருத்தைச் சொல்ல வேண்டும். ஒருவர் தலையாட்டினாலும் கருத்து செல்லாது. நோட்டில் ஏறிவிட்ட கருத்தை அதைச் சொன்னவர் மட்டுமே, தன் கையெழுத்தில், வாபஸ் வாங்கலாம். எழுதுவது என் வேலை.

சாரின் கருத்து, எல்லாப் படத்துத் தலைப்புப் பாட்டும் ஒரே பாட்டுத்தான் என்பது. ஒரு படத்தில் அதை ஓர் அம்மாள் பாடுகிறாள், இன்னொன்றில் ஓர் ஆள் கத்துகிறான், அவ்வளவே வித்தியாசம் என்பார். மேஜையில் விரலால் தாளம் போட்டு, இரண்டு பாட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் பாடியும் காட்டினார். பக்கத்து மேஜைக்காரர் காபியை எடுத்துக்கொண்டு வேறு இடம் போனார். என் கருத்து, உளவாளி வேஷத்தில் பழைய நடிகரைவிடப் பின்னால் வந்த நடிகரே தேவலை என்பது. சண்டை முடிந்ததும் வீட்டுக்குப் போக வேண்டியவர் போல அவர் முகம் இருக்கும். அதற்காக இரண்டு வாரம் என்னோடு யாரும் சரியாகப் பேசவில்லை.

முதலாளி விடியுமுன் மண்டிக்குப் போய்விட்டு வருகிறவர். தியேட்டரில் பாதிப் படம் தூங்கிவிடுவார். கருத்துக்கு மட்டும் குறைவிருக்காது.

"வில்லன்தான் சாமி நல்ல நிர்வாகி" என்றார் ஒரு நாள். "மலைக்குள்ள குடைஞ்சு ஆபீஸ் போட்டிருக்கான். அத்தனை பேரும் ஒரே யூனிஃபார்ம். ஒருத்தன் லீவு கேட்டு நீங்க பாத்திருக்கீங்களா? எங்க மண்டியில ஆடி பதினெட்டுன்னா எடை போட ஆள் கிடையாது."

ஃபிட்டர் அதிகம் பேச மாட்டார். தென் மாவட்டத்திலிருந்து வேலைக்காக வந்து பொன்மலை குவார்ட்டர்ஸில் தங்கியவர். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் விட்டுச் சென்ற அக்கார்டியனை வாங்கி, யாரிடமும் கேட்காமல் தானாகவே பழகிக்கொண்டிருந்தார். அவர் பிடித்துக்கொண்ட கருத்து ஒன்றே ஒன்று: விளக்குகள் மங்கி, மடிப்பு மடிப்பான சிவப்புத் திரை மேலே ஏறும்போது வருமே, கிட்டார் துள்ளும் ஒரு சிறிய இசை, அதுதான் உச்சம். அதற்குப் பிறகு வருவதெல்லாம் துரத்தல், வெடி, புகை.

முன்னிசை என்று அதற்குப் பெயர் வைத்தவன் நான். அது படத்தின் பகுதிதான் என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. அந்தத் தியேட்டரில் நாங்கள் ஆங்கிலப் படமென்று பார்த்தது அந்த வரிசையை மட்டுமே. ஒவ்வொரு முறையும் அந்த இசை வந்தது. 1980-இல் இலாகா பரீட்சைக்காகச் சென்னை போனபோது அங்கே ரயில் படத்தைப் பார்த்தேன். முன்னிசை வரவில்லை. அன்றே நோட்டில், "சென்னைப் பிரதியில் முன்னிசை வெட்டப்பட்டுள்ளது" என்று எழுதி அடிக்கோடும் இட்டேன். திரும்பி வந்து சொன்னதும் எங்களுக்கு ஒரே பெருமை. சென்னைக்காரர்களுக்கு எப்போதும் அவசரம், பஸ்ஸைப் பிடிக்க வெட்டியிருப்பார்கள் என்றார் சார்.

அடுத்த வருஷம் பொன்மலையில் ரயில்வேக்காரர்கள் கூடும் மன்றமான இன்ஸ்டிடியூட்டின் ஆண்டு விழா வந்தது. அங்கே ஒரு பேண்ட் உண்டு. அதில் அக்கார்டியன் வாசித்தவர் வெளிநாடு போய்விட்டதால் இடம் காலி. பேண்டின் தலைவர் ஓய்வுபெற்ற மெயில் டிரைவர், ஆங்கிலோ இந்தியர், சாக்ஸபோன் வாசிப்பவர். விழாவில் தனியாக வாசித்துக் காட்டுங்கள், பிறகு பார்க்கலாம் என்று ஃபிட்டரிடம் சொல்லியிருந்தார். தப்பாக வாசிப்பவரைப் பாதியில் கைகாட்டி நிறுத்தி, எல்லோர் முன்னாலும் திருத்துவதில் அவருக்குப் பெயர் உண்டு. ஃபிட்டருக்கு அந்த நாற்காலி எவ்வளவு முக்கியம் என்று எங்களுக்குத் தெரியும். பணிமனைச் சத்தத்தில் பத்து வருஷம் இருந்துவிட்டேன், இன்னொரு சத்தத்துக்கு நடுவிலும் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஒரு முறை சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

முன்னிசையையே வாசிப்பது என்று முடிவு செய்தார். நிகழ்ச்சி நிரலில் என்ன போடுவது என்று விழாக்குழு கேட்டபோது, என் நோட்டை வாங்கிக்கொண்டு போய்க் காட்டினார். அச்சாகி வந்த தாளில் இப்படி இருந்தது: "உலகப் புகழ் உளவாளிப் படங்களின் முன்னிசை. சென்னைப் பிரதியிலும் இல்லாதது." வாக்கியம் அவர்களுடையது, சரக்கு என்னுடையது.

விழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, பனிப் படம் முதலில் எந்த ஞாயிறு வந்தது என்று சரிபார்க்க அந்தத் தியேட்டருக்குப் போனேன். ஆபரேட்டர் ரூமில் அவர்கள் எழுதிவைக்கும் பதிவேடு இருந்தது. தேதியைக் குறித்துக்கொண்டு, பேச்சோடு பேச்சாக, முன்னிசை எத்தனையாவது ரீலில் இருக்கிறது என்று கேட்டேன்.

"எது, திரை ஏறும்போது வருமே அதுவா?" என்றார் ஆபரேட்டர். "அது ரீல்ல ஏது சார்? நம்ம தட்டு. தமிழ்ப் படத்துக்கு வேற தட்டு, இங்கிலீஷ் படத்துக்கு இது. திரை மேல போய் நின்னதும் முள்ளை எடுத்துடுவேன்."

இசைத்தட்டை எடுத்தும் காட்டினார். நடுவில் ஒட்டியிருந்த காகிதம் முழுக்கத் தேய்ந்து, பெயரோ கம்பெனியோ தெரியவில்லை. முள் எப்போதும் எடுக்கப்படும் இடத்துக்கு அப்பால் ஒரு பெரிய கீறல், அதற்குமேல் ஓடாது. பழைய மேனேஜர் எங்கிருந்தோ கொண்டுவந்தது என்பதற்கு மேல் அவருக்கும் எதுவும் தெரியவில்லை.

படியிறங்கி வந்தபோது நான் வருத்தப்பட்டேன் என்று எழுதினால் அது பாதி உண்மைதான். இரண்டு வருஷமாக ஃபிட்டரின் கருத்தை எதிர்த்து வந்தவன் நான். ஆதாரத்தோடு ஜெயித்துவிட்டோமே என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. நிகழ்ச்சி நிரல் ஞாபகம் வந்தது அதற்குப் பிறகு. அந்த சாக்ஸபோன்காரர் படங்களையும் பார்த்தவர், இசையும் தெரிந்தவர். இரண்டாவது வரியிலேயே கைகாட்டி நிறுத்திவிடுவார்.

நேராகச் சார் வீட்டுக்குப் போனேன். அவர் கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார். பிறகு, இதை நீங்களே போய்ச் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமைவரை வைத்திருக்காதீர்கள் என்றார். நோட்டில் ஏறியதால்தானே அச்சிலும் ஏறியது என்று அவர் சேர்த்துச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. சரியான வார்த்தை. அந்த வார்த்தைக்கு இன்றும் அவருக்கு நன்றி சொல்கிறேன். அவர் சொல்லியிராவிட்டால் இரண்டு நாள் யோசித்திருப்பேன். யோசித்தால் எனக்குச் சாதகமாகவே யோசித்திருப்பேன்.

மறுநாள் மாலை பணிமனைச் சங்கு ஊதும் நேரத்துக்குப் பொன்மலை போனேன். சைக்கிள்கள் ஆறு போல வெளியே வந்தன. ஃபிட்டர் என்னைப் பார்த்ததும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கூட நடந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சென்னைப் பிரதியில் எதையும் யாரும் வெட்டவில்லை, நான்தான் தப்பாக எழுதினேன் என்பதையும் சொன்னேன்.

மார்க்கெட் திருப்பத்தில் அவர் கேட்டார்.

"தட்டை நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"கையில வாங்கியே பாத்தேன்."

"நோட்டுல எழுதிட்டீங்களா?"

"இல்லை."

"எழுதாதீங்க. நான் எழுதுறேன். விதி அதுதானே."

சைக்கிளை ஒரு மரத்தில் சாய்த்துவிட்டு, காரியரில் நோட்டை வைத்து எழுதினார். எண்ணெய்க் கறை படிந்த அந்தப் பக்கம் என்னிடம் இருக்கிறது. "முன்னிசை படத்தைச் சேர்ந்தது என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். சிறந்தது என்று சொன்னதை வாங்கவில்லை." கீழே கையெழுத்து.

வேறு ஏதாவது வாசிக்கலாமே என்று கேட்டேன். நான்கு நாளில் புதிதாகப் பழக முடியாது, அதோடு இதைத்தவிர வேறு எதையும் அந்த சாக்ஸபோன்காரர்முன் வாசிக்கத் தனக்குத் தைரியமில்லை என்றார். என்மேல் கோபமா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. "காபி சாப்பிட்டுப் போங்க சாமி, ஏகாதசி இல்லையே" என்றார். ஏகாதசிதான். ஆனாலும் சாப்பிட்டேன்.

விழாவுக்கு நாங்கள் மூவரும் போயிருந்தோம். முதலாளி மண்டியிலிருந்து ஒரு தார் பூவன்பழத்தைத் தோளில் தூக்கி வந்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். ஃபிட்டரின் முறை வந்தது. மேடை ஓரத்தில் சாக்ஸபோன்காரர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். ஃபிட்டர் மைக்கின் முன் வந்து, எழுதிவைத்துப் படிப்பவர் போலச் சொன்னார்.

"நோட்டீஸ்ல போட்டிருக்கிறது தப்புங்க. இது எந்தப் படத்துலயும் வராது. நம்ம ஊர் தியேட்டர்ல திரை ஏறும்போது போடுற தட்டு. பேரு தெரியாது. ஆனா எனக்கு இதுதான் பிடிக்கும்."

சபையில் ஒரு சிரிப்பு எழுந்தது. எனக்குக் காது சூடேறியது. அவர் வாசிக்கத் தொடங்கினார். முதல் வரி முடிவதற்குள் சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. அங்கிருந்தவர்களில் பாதிப்பேராவது அந்தத் திரை ஏறுவதைப் பார்த்தவர்கள். பின்வரிசையில் யாரோ ஒருவர் திரை ஏறுவதுபோல் கையை மேலே மேலே கொண்டுபோக, சுற்றியிருந்தவர்களும் செய்தார்கள். முதலாளி தூங்கவில்லை.

திரை முழுக்க ஏறும் இடத்தில் இசை நின்றுவிடும். ஃபிட்டருக்குத் தெரிந்தது அதுவரைதான். அங்கே நிறுத்தி, ஒரு நொடி தயங்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அப்போது சாக்ஸபோன்காரர் எழுந்தார். கைகாட்டி நிறுத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் வாத்தியத்தை எடுத்துக்கொண்டு கூடவே வாசித்தார். அந்த இடம் வந்ததும் அவர் நிற்கவில்லை. மேலே போனார். நாங்கள் யாரும் அதுவரை கேட்டிராத ஒரு பகுதி. கொஞ்சம் சோகமாக இறங்கி, பிறகு பழைய துள்ளலுக்கே வந்து சேர்ந்தது. ஃபிட்டர் அடியில் சுரம் பிடித்துக்கொண்டு கூட நடந்தார்.

முடிந்ததும் அவர் ஃபிட்டரிடம் சொன்னது எங்களுக்கும் கேட்டது. "புதன்கிழமை ஆறு மணி, ப்ராக்டிஸ். லேட்டா வராதே, மேன்."

என் குறிப்புகளின்படி ஃபிட்டர் 1986 வரை அந்த பேண்டில் வாசித்தார். ஞாயிறு காலைக் காட்சிக்கும் தவறாமல் வந்தார். திரை ஏறும்போது நாங்கள் நால்வரும் ஒன்றும் பேச மாட்டோம். தப்பாக எழுதிய என்னை மன்னித்தேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அடுத்த ஞாயிறும் என்னிடமே நோட்டைக் கொடுத்து எழுதச் சொன்னார். அதைவிடப் பெரிய மரியாதையை யாரும் எனக்குச் செய்ததில்லை.

அந்த இரண்டாவது பகுதி எங்கிருந்து வந்தது என்று ஃபிட்டர் பல புதன்கிழமைகளில் கேட்டிருக்கிறார். நல்லா இருந்ததா, அப்புறம் என்ன என்று சாக்ஸபோன்காரர் சிரித்துவிடுவாராம். பிறகு அவரும் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குப் போய்விட்டார். நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்குப் பதில் இல்லை. தியேட்டர் ஒலிநாடாவுக்கு மாறியபோது தட்டும் காணாமல் போனது. கீறலுக்கு அப்பால் அந்தத் தட்டில் இருந்தது அவர் வாசித்த இசைதானா, அல்லது அன்று மேடையில் நின்றபடியே அவர் இட்டுக்கட்டியதா என்பது, இதை எழுதும் இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை.